இடப்பக்கத்து ஜன்னல்

ஹெப்பாள், மைசூர்
9.6.1998

அன்புள்ள அத்தைக்கு,

ஜீவிதா எழுதுவது. சனிக்கிழமை மத்தியானம் பெங்களூரிலிருந்து வந்து கதவைத் தட்டினால் உங்கள் பிள்ளை வந்து திறக்கிறார். அத்தை எங்கே என்றேன். "கோபிநத்தம் மாமா வீட்டுக்குப் போறேன்னு காலையிலேயே பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். நீங்கள் ஊறப் போட்ட உளுந்து அடுப்பு மேடையில் நுரைத்துப்போய்க் கிடந்தது. உளுந்தை ஊறப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிற ஆளா நீங்கள்? கோபம்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சிநேகிதி சுஷ்மா போன் பண்ணி, நான் பெங்களூருக்கு எதற்குப் போனேன் என்பதைப் பக்கத்து வீட்டு மல்லம்மாவிடம் சொன்னாளாம். மல்லம்மா அதை உங்களிடம் சொன்னாராம். ஆக, விஷயம் தெரிந்துதான் கிளம்பியிருக்கிறீர்கள்.

சுஷ்மாவின் தங்கைக்குக் கல்யாணம் என்று நான் பொய் சொன்னது தப்புதான். உண்மையைச் சொன்னால் நீங்கள் விட்டிருப்பீர்களா? "சாமி குடுத்தது, அதுல கை வெக்கக் கூடாது" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! அந்தப் பயத்தில்தான் மறைத்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் சம்மதித்துத்தான் போனேன், அவரைத் திட்டாதீர்கள்.

வலி பொறுத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. டாக்டர் தங்கமான மனிதர். ஒரே தடவையில் முடியாதாம், இன்னும் ஐந்தாறு தடவை வர வேண்டியிருக்கும் என்கிறார். புடவைக் கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு வெளியே முகம் காட்ட முடியாது. கண்ணாடியைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

திட்ட வேண்டும் என்றால் இங்கே வந்து திட்டுங்கள். வீடு வீடாக இல்லை.

உங்கள் ஜீவிதா

*

கோபிநத்தம்
14.6.98

ஜீவிதாவுக்கு நஞ்சம்மா எழுதறது.

உன்ற கடுதாசி வந்துச்சு. தபால்காரர் குடுக்கையில தம்பி கந்தசாமி பக்கத்துலயே நின்னான். "என்னக்கா எழுதியிருக்கா மருமக?"ன்னான். மைசூர்ல நல்ல மழையாம்னு சொல்லிப்போட்டு, மாட்டுக்கொட்டாயில போயி உக்காந்து படிச்சேன். இந்த விசயத்தை இன்லேண்டு லெட்டர்ல எழுதறதே தப்பு. ஆனாலும் எழுதாம இருக்க முடியலை.

எப்படி அம்மிணி உனக்குக் கை வந்துச்சு? வலி பொறுத்துக்கற மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கே. உனக்குப் பொறுத்துக்கும். எனக்கு? அஞ்சு வருசமா உன்ற வயித்துல ஒண்ணு தங்கோணும்னு மாதேஸ்வரன் மலைக்கு நடையா நடந்திருக்கேன். காலு நரம்பு கவுறாட்டம் சுருட்டிக்கிட்டு நிக்கறப்பவும் நடந்தேன். கடைசீல ஒண்ணு வந்துச்சு, அதை நீ பெங்களூருக்குப் போயி கலைச்சுப்போட்டு வந்து, டாக்டர் தங்கமான மனுசன்னு எனக்கே எழுதற.

இன்னும் அஞ்சாறு தடவை வரச் சொன்னாரா? ஏம்மிணி, அதென்ன தலைமுடி வெட்டற கணக்கா?

முகம் காட்ட முடியலைன்னு எழுதியிருக்கயே, அது ஒண்ணுதான் நாயமான பேச்சு.

மல்லம்மா எங்கிட்ட வந்து சொன்னா. பெங்களூருக்குப் போறதுக்கு முந்தின வாரம் நீ ரெண்டு நாளு சோறு எறங்காம வாந்தி எடுத்ததும், குளிக்கற ரூமுல தாளைப் போட்டுக்கிட்டு அழுததும் அப்பறந்தான் நெனப்புக்கு வந்துச்சு. பெத்த பையங்கிட்ட அதைப் பேரு சொல்லிக் கேக்க முடியுமா? "உம்பொண்டாட்டி எதுக்குப் போயிருக்கா, உனக்குத் தெரியுமாடா?"ன்னு மட்டும் கேட்டேன். "தெரியும்மா, நாந்தான் போகச் சொன்னேன்"னான். அதுக்கு மேல அந்த வூட்டுல எனக்கு என்ன வேலை?

நான் வர்லை. தம்பி வூட்டுல ஒரு மூலையில கெடந்துக்கறேன். உளுந்தைக் கொட்டிப்போடு, புளிச்சு நாத்தமடிக்கும்.

நஞ்சம்மா

*

ஹெப்பாள்
18.6.1998

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியொரு சிரிப்பு! என்ன என்று வந்து வாங்கிப் படித்த உங்கள் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தை, என் வயிற்றில் ஒன்றும் வரவும் இல்லை, நான் எதையும் கலைக்கவும் இல்லை. நான் எடுக்கப் போனது என் இடது கன்னத்தில் இருக்கிற சிவப்பு மச்சத்தை.

மல்லம்மாவிடம் போய், எங்கள் அத்தையிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வெள்ளந்தியாக மறுபடியும் சொன்னார்: "நிம் சொசெ கலெ தெகெஸ்கொண்டளந்தெ, ஆராமாகவ்ளெ, ஏனூ யோச்னெ மாடபேடி." உங்கள் மருமகள் கலெயை எடுத்துக்கொண்டாளாம், சௌக்கியமாக இருக்கிறாளாம், கவலைப்படாதீர்கள். அவ்வளவுதான். கன்னடத்தில் கலெ என்றால் கறை. துணியில் இருந்தாலும் கறைதான், முகத்தில் இருந்தாலும் கறைதான். நீங்கள் அதைத் தமிழில் கலைப்பது என்று கேட்டுவிட்டீர்கள்.

அங்கே கத்தி இல்லை, ஊசிகூட இல்லை. லேசர் என்று ஒரு வெளிச்சம். கண்ணுக்கு மூடி போட்டுப் படுக்க வைத்தார்கள். அது மச்சமே இல்லையாம் அத்தை. தோலுக்கு அடியில் மயிரை விட மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன அல்லவா, எனக்குப் பிறக்கும்போதே கன்னத்தில் அவை சுருங்காமல் விரிந்தபடியே இருந்துவிட்டனவாம். அந்த வெளிச்சம் தோலை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சிவப்பை மட்டும் தேடிப்போய்ச் சுட்டு மூடிவிடும் என்றார் டாக்டர். ரப்பர் பேண்டை இழுத்துக் கன்னத்தில் விட்டால் எப்படி இருக்கும்? அப்படிச் சுரீர் சுரீர் என்று கன்னம் முழுவதும். முடி கருகுகிற வாசனை வேறு. போவதற்கு முந்தைய வாரம் வாந்தி எடுத்ததும் அழுததும் இதை நினைத்த பயத்தில்தான். இப்போது நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி கன்னம் கறுத்துக் கிடக்கிறது. அது மெல்ல மெல்ல மாறும். அதனால்தான் முகம் காட்ட முடியாது என்று எழுதினேன். அதையும் நீங்கள் உங்களுக்குத் தோன்றியபடி படித்துக்கொண்டீர்கள்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஐந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். குழந்தைக்காக நீங்கள் மலைக்கு நடந்தீர்கள் என்றால் நான் இங்கே மாதா மாதம் அழுதிருக்கிறேன். நான் இப்படிச் செய்வேனா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? நான் வரும்வரை பொறுத்திருந்து, என்ன ஜீவிதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. உங்களோடு எந்த பஸ்ஸில் ஏறினாலும் இடப்பக்கச் சீட்டைத்தான் பிடிப்பீர்கள். என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, பக்கத்தில் நீங்கள் உட்காருவீர்கள். இடப்பக்கம் ஜன்னல் இல்லையென்றால் வந்த பஸ்ஸையே விட்டுவிடுவீர்கள். கன்னம் ஜன்னல் பக்கம் போய்விட்டால் யாருக்கும் தெரியாதே! வீட்டில் மச்சக்காரி, மச்சக்காரி என்று கொஞ்சுவதும், வெளியே மறைத்துக் கூட்டிப்போவதும். உங்களுக்கு என்னால் வெட்கம் என்று எனக்கு எப்போதோ தெரியும்.

நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நான் இனிமேல் கூப்பிட மாட்டேன்.

ஜீவிதா

உங்கள் கால் நரம்பைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். மெல்லிய நரம்புக்குத்தான் இந்த வெளிச்சம், தடித்துச் சுருண்டதற்கு இது எட்டாது, அதற்கு இறுக்கமான காலுறையும், தேவைப்பட்டால் ஆபரேஷனும்தான் என்றார். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டாராம்.

*

கோபிநத்தம்
25.6.98

ஜீவிதாவுக்கு,

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

அந்த மல்லம்மா வாயில நெருப்பை வெக்க. மூஞ்சீன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் அவளுக்கு? கறைக்குக் கலென்னு சொல்லுவாங்கன்னு எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க? இங்க எங்கூருல பொறந்ததுல இருந்து தமிழு. எனக்குத் தெரிஞ்ச கன்னடம் மார்க்கெட்டுல கத்திரிக்காய் வெல கேக்கற கன்னடம்.

வூட்டுல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. கந்தசாமிகிட்டச் சொல்லாம முடியலை, சொல்லிப்போட்டேன். "ஏக்கா, இனிமே சினிமாவுக்குப் போனாக்கூட எந்த பாசைன்னு கேட்டுட்டுப் போ"ங்கறான்.

கேக்காமப் போனது தப்புதான். கேக்கப் பயமா இருந்துச்சு அம்மிணி. நீ ஆமான்னு சொல்லிப்போட்டா என்ன பண்றதுன்னு பயம். அதுனாலதான் நீ வர்றதுக்குள்ள ஓடியாந்துட்டேன். இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியலை.

ஆனா பஸ்ஸு விசயத்துல நான் உன்னை விட மாட்டேன். வெக்கமா? எனக்கா? நல்லா நெனச்சுப் பாரு. நீ கல்யாணமாயி வந்த புதுசுல தேவராஜ மொஹல்லாவுக்கு மார்க்கெட்டுக்குப் போனோம். நீ வலப்பக்கம் உக்காந்திருந்தே. எதுத்த சீட்டுல ஒருத்தி, முன்னப்பின்ன தெரியாதவ, "ஏனம்மா, சுட்டுக்கொண்ட்ரா?"ன்னு, நெருப்புல சுட்டுக்கிட்டயான்னு, உன்ற கன்னத்தைத் தொட்டே பாத்தா. அவ எறங்குனதும் ஒரு கெழவரு. அவரு போனதும் பள்ளிக்கூடத்துப் புள்ளைக. எல்லாருக்கும் நீ சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னே. வூட்டுக்கு வந்து நீ சோறு திங்கலை. வயிறு சரியில்லைன்னு படுத்துக்கிட்டே. எனக்குத் தெரியாதா வயிறா மனசான்னு? அடுத்த நாளுல இருந்துதான் இடப்பக்கம். உன்னை மறைக்க நெனைக்கலை. ஊரு வாயைத்தான் மறைச்சேன்.

இப்ப என்ற பயத்தையும் சொல்லிப்போடறேன். நீ மச்சக்காரி. நீ வந்துதான் உதயனுக்குப் பாக்டரியில வேலை நெலையாச்சு, வூடு கெடைச்சுது. நல்லா இருக்கறதைப் போயி எதுக்குச் சுடோணும்? போனது போவட்டும், இத்தோட நிறுத்திப்போடேன். வலி எப்படி இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் ஆவலையே? மஞ்சள் போட்டயா?

நஞ்சம்மா

*

ஹெப்பாள்
8.7.1998

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபத்தில் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான்.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்ததை நீங்கள் கவனித்தீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஐந்து வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்களை மட்டும் குறை சொன்னேனே.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மஞ்சள் போடக் கூடாதாம், எதுவும் தடவக் கூடாதாம். வெயிலே படக் கூடாதாம். மல்லம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தே கொண்டுவந்துவிட்டார், நான்தான் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். அதோடு விட்டதா? என் கன்னம் கறுத்திருக்கிறதைப் பார்த்த தெருக்காரர்கள், உதயகுமார் பெண்டாட்டியை அடித்துவிட்டான், அதனால்தான் மாமியார் ஊருக்குப் போய்விட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்காருகிறவர்கூட, "பொண்டாட்டி மேல கை நீட்டறது சரியில்ல சார்" என்றாராம். உங்கள் பிள்ளை பாவம், தலையைக் குனிந்துகொண்டு போய் வருகிறார்.

நீங்கள் நிறுத்திவிடு என்கிறீர்கள். ஏன் நிறுத்த முடியாது என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். தை மாதம் தலையணையில் ரத்தம் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டீர்கள், மூக்குத்தி கீறிவிட்டது என்றேன். அது மூக்குத்தி இல்லை. வயது ஏற ஏற இது தடிக்கும், கறுக்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும் என்று டாக்டர் சொன்னார். உதட்டுக்குப் பக்கத்தில் இப்போதே தடித்திருக்கிறது.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லவில்லை. லீவு போடுவதற்கு முன்பிருந்தே நான் பட்டுப்புடவைக் கடையில் கவுண்டரில் நிற்பதில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மா, கல்யாணத்துக்கு எடுக்கிறோம், வேறு பெண்ணை அனுப்புங்கள் என்று என் காதுபடவே சொன்னார். முதலாளி மறுநாளே என்னை மாடி குடோனுக்கு மாற்றிவிட்டார். நாளெல்லாம் புடவைக்கு விலைச்சீட்டு ஒட்டுவதுதான் என் வேலை. நீங்கள் மச்சம் என்று கொண்டாடுகிறதைப் பார்த்துத்தான் அந்த அம்மா அபசகுனம் என்று நினைத்தார். எனக்கு இரண்டும் வேண்டாம் அத்தை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் மட்டும் கேட்கிற ஒரு நாள் எனக்கு வேண்டும்.

முழுக்கப் போகாதாம், வெளுக்கும் என்றுதான் சொல்கிறார். இப்போதே காதோரம் ஒரு துண்டு, பீட்ரூட் தண்ணீரில் இன்னும் தண்ணீர் விட்ட மாதிரி ஆகியிருக்கிறது. நேற்றுதான் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

24ஆம் தேதி வெள்ளிக்கிழமை அடுத்த தடவை. இவருக்கு லீவு கிடைக்காது. நான் தனியாகப் போய் வந்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையாகப் பதில் சொல்லுங்கள். மச்சக்காரி என்றுதான் நீங்கள் என்னைக் கூப்பிடுகிறீர்கள். மச்சக்காரி என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்கிறீர்கள். அது போய்விட்டால் நான் உங்களுக்கு யார்?

உங்கள் ஜீவிதா

*

கோபிநத்தம்
15.7.98

அம்மிணி ஜீவிதாவுக்கு,

உன்ற கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிப்போடறேன்.

உன்னைப் பொண்ணு பாத்துப்போட்டு வந்த அன்னிக்கு எங்க வூட்டுல பெரிய பஞ்சாயத்து. உதயன் கட்டுனா இந்தப் பொண்ணைத்தான்னு நிக்கறான். சொந்தக்காரங்க எல்லாம், மூஞ்சியில இம்புட்டுப் பெருசா இருக்குதே, நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துட்டான்னு ஆளாளுக்குப் பேசறாங்க. எனக்கு உன்னைப் புடிச்சிருந்துச்சு. நான் காப்பி டம்ளரைக் கை தவறி மடியில கொட்டிக்கிட்டப்ப, பொண்ணு பாக்க வந்தவங்கன்னுகூடப் பாக்காம ஓடியாந்து உன்ற சேலையிலயே தொடச்சுவுட்டே. அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். ஆனா அதைச் சொன்னா யாரு கேப்பாங்க?

அதுனால ஒரு பொய் சொன்னேன். உதயனுக்கு வேலை நெலையான சேதி உன்னைப் பாக்கறதுக்கு முந்தின வாரமே வந்துருச்சு. நான் அதை யாருகிட்டயும் சொல்லலை. உன்னைப் பாத்துப்போட்டு வந்ததுக்கு அப்பறம், "பாருங்க, பொண்ணைப் பாத்துட்டு வந்தோம், வேலை நெலையாயிருச்சு, அவ மச்சக்காரி"ன்னு அடிச்சு உட்டேன். எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. ஊரு ஒரு பேரு வெக்கறதுக்கு முந்தி நானே ஒரு பேரு வெச்சுப்போட்டேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பவும் ஆரம்பிச்சுட்டேன் பாரு, அதுதான் கூத்து. போன கடுதாசியில நெசமாத்தான் பயந்து எழுதுனேன். உன்ற கடுதாசியைப் படிச்சப்பறந்தான் ரோசனை பண்ணிப் பாத்தேன். வேலை முந்தி வந்துச்சு, நீ பிந்தி வந்தே. இதுல கன்னத்துக்கு என்ன சம்பந்தம்?

நீ யாருன்னா கேக்கறே? எனக்குக் காப்பியைத் தொடச்சுவுட்ட பொண்ணு. எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டுப் போன எடத்துலயும் என்ற காலு நரம்பைப் பத்திக் கேட்டுட்டு வந்தவ. இதுக்கு மேல என்ன பேரு வேணும் உனக்கு?

புடவைக் கடைக்கு நான் ஒரு நாளு வர்றேன். அந்த முதலாளிகிட்ட எதுவும் பேச மாட்டேன், நீ பயப்படாதே. கவுண்டருல உக்காந்துக்கிட்டு, மாடியில இருக்கற பொண்ணு வந்து காட்டுனாத்தான் சேலை பாப்பேன்னு சொல்லுவேன். கடை சாத்தற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

தெருவுல உதயன் அடிச்சான்னு பேசறவங்களை நான் வந்து பாத்துக்கறேன். மல்லம்மாகிட்ட மட்டும் சொல்லி வையி, எங்கிட்ட இனிமே எதைச் சொன்னாலும் கையைக் காட்டிச் சொல்லோணும். மூஞ்சீன்னா மூஞ்சியைத் தொட்டுக் காட்டோணும்.

அடுத்த புதங்கெழமை வந்துருவேன். வெள்ளிக்கெழமை உங்கூட நானும் பெங்களூருக்கு வர்றேன். என்ற காலையும் அந்த டாக்டருகிட்டக் காட்டிப்போடலாம். நீ தனியாப் போகக் கூடாது. அந்த ரப்பரு அடிக்கறப்ப உன்ற கையைப் புடிச்சுக்க உடுவாங்களான்னு கேளு. உடாட்டி வெளியில நிக்கறேன்.

இன்னொண்ணு. இந்தத் தடவை பஸ்ஸுல நாம வலப்பக்கம் உக்காருவோம். ஜன்னலோரம் எனக்கு. வெயிலு உனக்கு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரே. நீ இந்தப் பக்கம், ஆளுக நடக்கற பக்கம் உக்காரு. கன்னம் கறுத்திருந்தா என்ன, செவந்திருந்தா என்ன, பாக்கறவங்க நல்லாப் பாக்கட்டும். எவளாவது கேட்டா நான் பதில் சொல்றேன். கன்னடத்துல கேட்டா மட்டும் நீ சொல்லிக்க. எனக்கு அந்த பாசை வேண்டவே வேண்டாம் சாமி.

செவ்வாய்க்கெழமை உளுந்து ஊறப் போட்டு வையி. வந்து ஆட்டறேன்.

அத்தை நஞ்சம்மா